நீலகிரியின் அரிய செடிகளைக் காக்க: புல்வெளியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

நீலகிரியில் அரிய தாவரங்களைக் காப்பாற்ற ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே மரம் நடலாம்?" என்பதுதான். எண்ணம் நல்லது. ஆனால் இந்த மலையின் அபூர்வமான பூச்செடிகளில் பல, மரமே இல்லாத புல்வெளியில் வாழ்பவை. அந்தப் புல்வெளி சுருங்கிப் போனதற்கு மரம் நட்டதே பெரிய காரணம். அதனால் கன்று வாங்கும் வேலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஊட்டி, கோத்தகிரி, குந்தா பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள், இயற்கை மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், வனத்துறையோடு சேர்ந்து தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: நிற்கிற நிலம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேல்மலையில் மூன்று வகை இயற்கை நிலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மலை மடிப்புகளில், நீரோடை இறங்கும் பள்ளங்களில் சோலை. சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் சதுப்பு. சோலை மரங்கள் குட்டையாக, பாசியும் கற்பாசியும் படர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை, செம்பு, இளஞ்சிவப்பு என்று தழை நிறம் கலந்து தெரியும். ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் மரங்கள் நின்றால் அது சோலை இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"புல்வெளி என்பது காடு அழிந்த இடம்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்து 1993-ல் வெளிவந்த ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுக் காலத்தில் இங்கே புல்லும் மரமும் பருவநிலைக்கு ஏற்ப மாறி மாறி விரிந்து சுருங்கியதைக் காட்டியது. மனிதன் இங்கே கோடரி தூக்குவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்திருக்கிறது. குளிர்கால உறைபனியும் இதற்குத் துணை. திறந்த சரிவில் முளைக்கும் சோலைக் கன்றுகள் பெரும்பாலும் பனியில் கருகிவிடும், புல் தாங்கிக்கொள்ளும்.

பிறகு என்ன நடந்தது? 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். புல்வெளியைப் பார்த்த ஆங்கிலேயருக்கு அது தரிசாகத்தான் தெரிந்தது. விறகுக்காகச் சீகையும், 1843-ல் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயானுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் என்று புல்வெளிகளில் தோட்டங்கள் போடப்பட்டன. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளில் பள்ளத்தாக்குகள் மூழ்கின. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. வாழ வழியின்றி வந்த அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நிலம் அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்க முடியாது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, 1973 முதல் 2017 வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில் ஏறத்தாழ 23 சதவீதம் அயல் மரங்களின் கீழ் போய்விட்டது.

இப்போது செய்ய வேண்டியது: கூகுள் எர்த்தில் உங்கள் இடத்தின் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். அப்புறம் பக்கத்து மந்திலோ (தோடர் குடியிருப்பு) ஹட்டியிலோ (படுகர் ஊர்) வயதானவர்களிடம் பேசுங்கள். எந்தச் சரிவில் எருமை மேய்ந்தது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாமல் இருந்தது என்று தோடர்களும் படுகர்களும் சொல்வது, படத்தில் தெரியாததைக் காட்டும். இந்த வேலை முடியாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

படி 2: அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு எதிலும் அனுமதியின்றி ஒரு விதையைக்கூட எடுக்கக் கூடாது. 2022-ல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றிருக்கிறது. வன நிலத்தில் அதைப் பறிப்பது, பிடுங்குவது, சேதப்படுத்துவது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அபராதம் என்று போகும். ஆர்க்கிட் செடிகளின் பன்னாட்டு வணிகத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: நிலம் உங்கள் பட்டாவாகவே இருந்தாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-ன் கீழ் மரம் வெட்ட அனுமதி வேண்டும். வெட்டப்போவது சீகைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். முதலில் உங்கள் பகுதி வனச்சரகரைப் பாருங்கள். அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்கத் தமிழ்நாடு அரசே 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருப்பதால், ஒழுங்காக எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு மதிப்பு இருக்கிறது. எந்தச் சரிவு, எவ்வளவு பரப்பு, என்ன அகற்றப்போகிறீர்கள், அந்த இடத்தில் என்ன வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

படி 3: யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படிக்குக் குறைந்தது ஒரு முழு ஆண்டு கொடுங்கள். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் கேடு. புல்வெளிச் செடிகளில் பல, ஆண்டின் பாதியை மண்ணுக்குள் கிழங்காகக் கழிப்பவை.

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், ஈரமான புல்சரிவில் முழங்காலிட்டுத் தேடினால் அழுகண்ணி கிடைக்கும். பூச்சி பிடித்து உண்ணும் செடி. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான மெல்லிய தண்டு. அதில் பிறை வடிவச் சிற்றிலைகள். இலை விளிம்பெல்லாம் சிவந்த முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒட்டும் துளி. வெயில் ஏறினாலும் அந்தத் துளி காயாது. கொசு அளவுப் பூச்சி ஒன்று ஒட்டியதும் பக்கத்து முடிகள் மெல்ல அதன்மேல் வளைந்து மூடுவதைக் கைலென்ஸில் பார்க்கலாம். தழைச்சத்து இல்லாத ஏழை மண்ணில் வாழ்வதற்கு இந்தச் செடி கண்ட வழி இது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் செங்குத்தான புல்சரிவுகளில் நீலகிரி லில்லி பூக்கும். எக்காளம் போல நீண்ட வெள்ளைப் பூ, நல்ல வாசனை. அழகே இதற்கு எமன்: பார்த்தவர்கள் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதே பருவத்தில் தரையில் வளரும் ஆர்க்கிடுகளும் வரும். சாடிரியத்தின் இளஞ்சிவப்புக் கதிர் புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹபெனேரியா வகைகள் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கும். ஆர்க்கிடைப் பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. அதன் வேர் மண்ணிலுள்ள பூஞ்சையோடு சேர்ந்து வாழ்கிறது. தொட்டியில் அந்தக் கூட்டு இருக்காது.

சோலைக்குள்ளும் ஓடைக் கரையிலும் காசித்தும்பைகளைத் தேடுங்கள். பாசி படர்ந்த மரத்தண்டிலேயே வளரும் வகைகளும் இதில் உண்டு. மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழும் இனங்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய. ஒரு ஓடையைத் திருப்பினால் போதும், ஒரு கூட்டமே போய்விடும்.

சதுப்பில் ஒரு புல் இருக்கிறது. எரியோகிரிசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். தோடர்கள் தங்கள் புனிதப் பால்மனைகளுக்குக் கூரை வேய இதைத்தான் தேடிப் போகிறார்கள். சதுப்பை வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட இடங்களில் இந்தப் புல் இல்லாமல் போனது. அங்கெல்லாம் தோடர்கள் கூரைக்கு இன்னும் தூரம் நடக்கிறார்கள்.

புல்வெளியில் தனியாக ஒரு மரம் முறுக்கிக்கொண்டு நின்றால், அது காட்டுப்பூவரசாக இருக்கலாம். குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். தடித்த பட்டையால் தீயையும் பனியையும் தாங்கும். இமயமலை ரோடோடென்ட்ரானின் நெருங்கிய உறவு. புல்வெளியில் இருக்க உரிமையுள்ள மரம் இது. தெரியாமல் வெட்டிவிடாதீர்கள்.

இனி நீலக்குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; 1994, 2006, 2018 என்று பெருவாரியாகப் பூத்தது. பூத்து விதை சிந்தியதும் செடி செத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்த தலைமுறை முழுக்க அந்த ஒரு பருவத்து விதையிலிருந்துதான் வர வேண்டும். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் அது வெறும் புதர். எதிரெதிராக அமைந்த தடித்த இலைகள், பல்போன்ற விளிம்பு, ஆழமாகப் பதிந்த நரம்புகள். யாரும் திரும்பிப் பார்க்காத அந்த ஆண்டுகளில்தான் "சும்மா கிடக்கிற புதர்" என்று ஜே.சி.பி. வந்து வழித்துவிட்டுப் போகிறது. 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. குறிஞ்சியின் சொந்தக்கார வகைகள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் சுற்று வேறு. ஊதாப் பூ தெரிந்ததும் நீலக்குறிஞ்சி என்று எழுதிவிடாமல், இலையையும் படமெடுத்துத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

படி 4: பிடுங்காமல் பதிவு செய்யுங்கள்

ஒரு செடிக்கு ஆறு படம் போதும்: முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ நேராகவும் பக்கவாட்டிலும், அது நிற்கும் சூழல். அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைக்கலாம். தேதி, உயரம், சரிவு எந்தத் திசை பார்க்கிறது, ஈரமா காய்ந்ததா, பக்கத்தில் என்னென்ன செடிகள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல படம் எடுப்பதற்காகச் சுற்றியுள்ள புல்லை மிதித்துத் தள்ளாதீர்கள். நீங்கள் லில்லியைப் படமெடுத்த இடத்தில் உங்கள் கால் அழுகண்ணி மேல் இருந்திருக்கலாம்.

உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் ஏற்றும்போது இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதியை இயக்குங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் ஆர்க்கிட், லில்லி இருக்கும் இடத்தின் பெயரைப் போடவே போடாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. பொறுக்கிச் செல்கிறவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் போதும். அறிவியலுக்குத் துல்லியமான இடம் தேவைப்பட்டால், கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு நேரடியாக எழுதலாம். உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் சொல்லி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னாளில் அந்த இடத்தில் ஒரு சாலையோ ரிசார்ட்டோ வரும் பேச்சு எழுந்தால், காட்டுவதற்குக் கையில் ஆவணம் இருக்கும்.

படி 5: அயல் செடிகளை அகற்றுதல்

எங்கே தொடங்குவது? பெரிய சீகைக் காட்டின் நடுவில் அல்ல. நல்ல புல்வெளிக்குள் சீகைக் கன்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்க ஆரம்பித்திருக்கும் ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே ஒரு நாள் வேலை, பத்து ஆண்டு கழித்து வரும் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்.

முழங்கால் உயரத்துக்குட்பட்ட சீகையை மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது கையால் வேரோடு இழுத்துவிடலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு முறிந்து வேர் தங்கிவிடும், பிறகு துளிர்க்கும். வளர்ந்ததை அடியோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையின் பட்டையை மண் மட்டம் வரை உரித்துவிடுங்கள். மெலனோசைலான் வகைச் சீகைக்கு இன்னும் கவனம் தேவை. அதன் வேரைக் கடப்பாரையால் கிளறினால், அறுந்த துண்டுகளிலிருந்து கன்றுகள் கிளம்பும்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெப்பம் பட்டால் முளைக்கும். ஆகவே வெட்டிய தழையை அதே இடத்தில் குவித்து எரிக்கவே கூடாது. எரித்த இடம் அடுத்த மழையில் சீகை நாற்றங்காலாகத்தான் நிற்கும். மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம், முள் நிறைந்த கோர்ஸ் இரண்டும் அப்படித்தான். அவற்றைக் காய் வெடிப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும். கிக்குயு புல் மண்ணுக்கடியிலும் மேலும் கொடி ஓட்டிப் பரவும். ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி வரும். அதைச் சுருட்டி எடுத்து, வேறெங்கும் கொட்டாமல் வெயிலில் முழுக்கக் காய விடுங்கள்.

சீகை வேர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். விவசாயிக்கு நல்ல செய்தி; அழுகண்ணிக்கு இல்லை. ஏழை மண்ணுக்குப் பழகிய செடிகளின் இடத்தில், கொழுத்த மண்ணில் வேகமாக வளரும் களைகள் ஏறிக்கொள்கின்றன. எனவே மீட்கும் புல்வெளியில் எருவோ உரமோ ஒரு பிடிகூடப் போடாதீர்கள்.

எல்லாச் சீகையும் வெட்ட வேண்டியதும் இல்லை. சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோட்டத்தில் குனிந்து பாருங்கள். அடியில் சோலைக் கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். சீகையின் நிழல் அவற்றைப் பனியிலிருந்து காக்கிறது. கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய பாப் ஸ்டீவர்ட்டும் தான்யா பால்கரும் இதைத்தான் விடாமல் சுட்டிக்காட்டினார்கள். அந்த இடத்தில் மொத்தமாக வெட்டினால், பத்திருபது ஆண்டாக எழுந்துவந்த சோலையையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். அங்கே பொறுமையாக, ஆண்டுக்குச் சில மரங்களாகக் குறைத்தால் போதும்.

படி 6: புல் நாற்றங்கால்

சீகையை அகற்றிய மண்ணை வெறுமனே விடக் கூடாது. ஆகஸ்ட் 2019-ல் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு மழை வெற்றுச் சரிவில் இறங்கினால் மண் மிஞ்சாது.

பக்கத்திலுள்ள நல்ல புல்வெளியிலிருந்து, அனுமதியோடு, குறைந்தது ஐந்தாறு வகைப் புல்லில் சில தூர்களை எடுங்கள். ஒரே இடத்தில் தோண்டாமல் பரவலாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு தூரையும் நாலைந்து தண்டு கொண்ட பிடிகளாகப் பிரித்து, இலையைப் பாதியாக நறுக்கி, அந்த இடத்து மண்ணிலேயே சிறு பைகளில் நடுங்கள். அவை தூர் கட்டியதும் மறுபடி பிரிக்கலாம். இப்படிப் பெருக்கினால் காட்டுப் புல்வெளியை மறுபடி தொட வேண்டியதில்லை. புல்விதை முற்றும் காலத்தில் கதிர்களைக் கையால் உருவிச் சேகரித்து, ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மண்ணுக்கு விடுங்கள்.

சோலையோர இடங்களுக்கு நாவல் வகைகள், காட்டுச் சண்பகம், விக்கி, தவிட்டுப்பழம் ஆகியவற்றின் கன்றுகளைத் தனியாக வளர்க்கலாம். பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, விதை காய்வதற்குள் விதைக்க வேண்டும். வெளிமண், வெளி உரம் வேண்டாம். அவற்றோடு களை விதையும் வரும்.

லில்லி, ஆர்க்கிட், அழுகண்ணி இவற்றை நாற்றங்காலில் வளர்க்க முயல வேண்டாம். அது பயிற்சி பெற்ற தாவரவியலாளர்களின் வேலை. பக்கத்தில் மூலச்செடிகள் மிச்சமிருந்தால், புல் சரியானதும் தாமே திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது.

படி 7: நடவு

ஜூனில், மழை நன்றாகப் பிடித்ததும் தொடங்குங்கள். பனிக்காலத்துக்கு முன் வேர் இறங்கியிருக்க வேண்டும். அக்டோபருக்குத் தள்ளினால் பாதி கருகும். கோத்தகிரி போன்ற கிழக்குப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்வதால் கொஞ்சம் தாராளம் உண்டு.

சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, ஓரடி இடைவெளியில், வகைகளைக் கலந்து நடுங்கள். ஏற்கெனவே வெட்டிய சீகைக் கிளைகளை விதை இல்லாதவையாகப் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே கிடத்தினால் மண் அரிப்பைத் தடுக்கும். குழி தோண்டும்போது மண்ணை அதிகம் புரட்டாதீர்கள். புரட்டினால் உறங்கும் சீகை விதைகள் மேலே வரும்.

சதுப்பில் நடவு தேவைப்படாது. யாரோ வெட்டிய வடிகால் வாய்க்காலைக் கற்களாலும் புல்கட்டிகளாலும் அடைத்துத் தண்ணீரைத் தங்க வையுங்கள். பெரும்பாலான வேலையைத் தண்ணீரே செய்துவிடும். புல்வெளிக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு தகவல்: நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் நட்டு நீண்ட காலம் அளந்த ஆய்வில், முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது.

படி 8: அதற்குப் பிந்தைய ஆண்டுகள்

நடவு நாளில் ஐம்பது பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள். இரண்டாம் ஆண்டு களையெடுக்க ஐந்து பேர் வந்தால் அதிகம். ஆனால் வேலை அந்த ஐந்து பேரால்தான் நடக்கும். ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் அதே இடத்தை நடந்து, முளைத்த சீகைக் கன்றுகளைப் பிடுங்குங்கள். சரிவில் நாலைந்து இடத்தில் கல் நட்டு, ஆண்டுதோறும் அதே கல்லிலிருந்து அதே திசையில் படம் எடுங்கள். ஒரு சதுர மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு, உள்ளே எத்தனை வகை என்று எண்ணுங்கள். வகை கூடுகிறதா என்பதுதான் கணக்கு. பச்சையாகத் தெரிகிறதா என்பது கணக்கே இல்லை, கிக்குயுவும் பச்சைதான்.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் செருப்பு, பூட்ஸ், கருவிகளைத் தட்டித் துடையுங்கள். புரூம் விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும்.

2018-ல் பூத்த குறிஞ்சிக் கூட்டங்கள் மறுபடி பூக்க வேண்டியது 2030-ல். அதற்கான தயாரிப்பை முந்தைய ஆண்டே தொடங்க வேண்டும். உங்கள் பகுதியில் குறிஞ்சி இருந்தால், பார்க்க வருபவர்கள் நடக்க ஒரே ஒரு பாதையைக் குறித்து, இருபக்கமும் கயிறு கட்டுவதற்கு வனத்துறையிடம் முன்கூட்டியே பேசுங்கள். வண்டி நிறுத்தும் இடம் பூச்சரிவிலிருந்து தள்ளி, ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தில் இருக்கட்டும். பூ வாடியதும் கூட்டம் போய்விடும். காவல் அப்போதுதான் மிக அவசியம். காய் முற்றி, வெடித்து, விதை விழும் வரை அந்தச் சரிவில் மேய்ச்சலோ தீயோ ஆளோ இறங்கக் கூடாது. அடுத்த மழையில் புல்லுக்கிடையே இரண்டிரண்டு இலையோடு முளைக்கும் கன்றுகளைக் கயிற்றுச் சட்டத்துக்குள் எண்ணி, பதிவேட்டில் எழுதி, ஒரு பிரதியை வனச்சரகத்தில் கொடுங்கள்.